காணா அடித்தளம்

கட்டிடத்தின் உயரத்தைப் புகழ்வார் பலர். அதன் அடியை வினவுவார் சிலரே. பூவிருந்தவல்லியில் வாழும் எமக்கோ அவ்வினா அயலதன்று. செம்பரம்பாக்கத்து ஏரியின் மண்கரை 24 அடி ஆழ நீரைத் தாங்கி நிற்பது. 2015 டிசம்பர் முதல் நாளில் அவ்வேரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டபோது, அடையாற்றங்கரையில் வாழ்ந்த என் அத்தை பிள்ளைகளுடன் மாடியேறி இரவைக் கழித்தார். இன்றும் மழைக்காலத்தில் அவர் கேட்பது ஏரியின் நீர்மட்டம் ஒன்றே. மட்டம் அறிந்தால் மட்டும் போதுமோ?

கொள்ளிடத்து முக்கொம்பு மேலணையை நோக்குவோம். 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டுவித்தது அது. ஆற்றுப்படுகையோ ஆழ்ந்த மணல். மணலின்மேற் கட்டிய வீடு வீழ்ந்த உவமையைச் சிறுவயது முதற் கேட்ட எனக்கு இது பெருவியப்பு. ஆயினும், பாறை கிட்டாவிடத்தும் உழவர்க்கு நீர் வேண்டுமன்றோ? மணலில் அடித்தளமிடும் முறையைக் காட்டன் நம் கல்லணையைக் கண்டே கற்றார். அவரது அணை 182 ஆண்டு நின்றது. 2018 ஆகஸ்டு 22 இரவில் அதன் ஒன்பது மதகுகள் சரிந்தன.

அணையில் தேங்கிய நீர் அடிமணலூடே வழி தேடும். வேகம் மிகின் மணற்றுகளை உடன்கொண்டு ஏகும். துகள் போன இடம் புழையாகும். புழை வளரின் அடித்தளம் பற்றுக்கோடின்றித் தொங்கும். மதகினின்று பாயும் நீரும் கீழ்ப்புறத்தைக் குடையும். மேற்பூச்சு எத்துணைப் புதிதாயினும் இக்கேட்டை மறைக்குமேயன்றி நீக்காது.

ஆதலின், பழைய அணையைப் புதுப்பிப்போர் முதற்கண் நிலத்தைத் துளையிட்டு மண்ணடுக்குகளை அறிதல் வேண்டும். குழாய்களை இறக்கி அடிநீரின் அழுத்தத்தை அளத்தல் வேண்டும். பின்னரே, ஆழ்ந்த தடுப்புச்சுவர் அமைத்து நீர் கசியும் வழியை நெடிதாக்கலும், கீழ்ப்புறத்தே கற்றளம் பரப்பலும், நீரைப் போகவிட்டு மணலைத் தடுக்கும் சல்லி வடிகட்டி இடுதலும் பயன்தரும். பழையதும் புதியதும் சேருமிடத்து மிக்க விழிப்பு வேண்டும். இரண்டும் வெவ்வேறளவில் அமிழின் பிளவு தோன்றும். மேலணையில், பழையதன் கீழ்ப்புறத்தே புதிய கதவணையே எழுப்பப்பெற்றது.

நண்பர்காள்! நம்மிற் பலர் பொறியியல் பயின்றிலேம். எனினும் ஏரிக்கரையோரம் குடியிருப்போர் யாவரும் காணத்தக்க குறியொன்றுண்டு. கரையின் அடியிற் கசியும் நீர் தெளிந்திருப்பின், அளவு பெருகுகின்றதா என நாளும் நோக்குக. கலங்கியிருப்பின், கரையின் மண் வெளியேறுகின்றது என்றுணர்ந்து, அன்றே அதிகாரிகளுக்கு அறிவித்திடுக.