முதற்கண் கற்கத்தகும் மந்திரம்

மந்திரத்தால் எண்ணியன எல்லாம் கைகூடும் என்பது மெய்யாயின், ஒருவன் முதற்கண் எம்மந்திரத்தைக் கற்க விரும்புவான்? சிறார் பொழுதுபோக்காக வினவிக்கொள்ளும் வினாப்போல இது தோன்றினும், ஆராய்வார்க்கு அத்துணை எளியதன்று. ஒருவன் விரும்பும் மந்திரம் இன்னதென்று அறியின், அவன் நெஞ்சின் குறை இன்னதென்பது தானே விளங்கும். வறியவன் பொன் வருவிக்கும் மந்திரத்தை வேண்டுவான். பகைக்கு அஞ்சுவோன் பகைவன் கையைக் கட்டும் மந்திரத்தை வேண்டுவான். மகவை இழந்த தாயோ இறந்த உயிரை மீட்கும் மந்திரம் ஒன்றையன்றிப் பிறிதொன்றும் வேண்டாள். ஆதலின் இவ்வினாவிற்கு விடை காண்டல் மக்கள் துன்பத்திற்கு மருந்து காண்டலோடு ஒக்கும்.

மாந்திரிக நூலோர் வசியம், மோகனம், தம்பனம், உச்சாடனம், ஆகருஷணம், வித்துவேடணம், பேதனம், மாரணம் என எண்வகைக் கருமங்களை வகுத்தனர். பிறரை வளைத்தல், மயக்கல், செயலறச் செய்தல், ஓட்டல், இழுத்தல், பகை மூட்டல், பிரித்தல், கொல்லுதல் என்னும் இவையெல்லாம் பிறர்மேற் செல்லும் ஆட்சியே. யோக நூலோர் கூறும் அணிமா முதலிய எண்வகைச் சித்திகள் இவற்றினும் மிக உயர்ந்தன. அணுவினும் நுண்ணியனாதலும், மலையினும் பெரியனாதலும், காற்றினும் நொய்யனாதலும் தவத்தாலன்றி வாரா. திருமூலநாயனாரும் தம் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தோடு இவற்றையும் எடுத்தோதினார். ஆயினும் இவை நெறியிடையே தோன்றும் பயன்களேயன்றி நெறி சென்று முடியும் இடம் அல்ல.

மந்திரம் பெற்றார்க்கு நேர்ந்தது யாதென்பதனைத் தமிழ்க் காப்பியங்கள் இரண்டும் நன்கு காட்டுகின்றன. மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலன்முன் வனசாரிணி என்னும் தெய்வம் வயந்தமாலை வடிவிற் றோன்றி மயக்க முயன்றது. கோவலன் பாய்கலைப்பாவை மந்திரத்தை உருவேற்ற, அத்தெய்வம் தன் உண்மையைக் கூறி அகன்றது. காட்டில் தெய்வத்தின் பொய்யுருவை நீக்கிய அம்மந்திரம், நகரில் ஒரு பொற்கொல்லனின் பொய்மொழியை நீக்க உதவவில்லை. வினை வந்து முற்றிய காலத்தில் அம்மந்திரம் அவன் நாவிலும் எழவில்லை.

அவன் சென்ற அவ்வழியிலேயே, திருமால்குன்றத்துப் பிலத்தினுள் மூன்று பொய்கைகள் உண்டென்று மாங்காட்டு மறையோன் கூறினான். ஒன்றில் மூழ்கின் ஐந்திர இலக்கணம் விளங்கும். ஒன்றில் மூழ்கின் பழம்பிறப்பு விளங்கும். மற்றொன்றில் மூழ்கின் எண்ணியது எய்தும் என்றான். கவுந்தியடிகள் அவற்றுள் ஒன்றனையும் விரும்பினாரிலர். பழம்பிறப்பின் வினையை இப்பிறப்பின் நுகர்ச்சியே காட்டும் என்றும், மெய்ம்மை வழுவாது பிறவுயிரைப் பேணுவார்க்கு எய்தவொண்ணாதது இல்லை என்றும் விடை பகர்ந்தார். அடிகள் சமணத் துறவியாயினும், இவ்விடை எச்சமயத்தாரும் போற்றற்குரியது.

மணிமேகலையோ மந்திரம் மூன்று பெற்றவள். வேற்றுருக் கொள்ளவும், வான்வழிச் செல்லவும், பசியைப் போக்கவும் மணிமேகலா தெய்வம் அவளுக்கு மந்திரம் அருளியது. சிறையில் அவளை அம்மந்திரங்கள் காத்தன என்பது உண்மை. ஆயினும், தன்னைத் தொடர்ந்த உதயகுமரனுக்கு அகலும்பொருட்டு அவள் காயசண்டிகை வடிவங் கொண்டமையே, காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் ஐயுற்று அவ்வரசிளங் குமரனை வாளால் எறிதற்கு ஏதுவாயிற்று. தீங்கு நினையாதாள் ஒருத்தி, தன்னைக் காத்தற்பொருட்டே எடுத்த மந்திரம் ஓர் உயிரின் அழிவில் முடிந்தது. ஆற்றல் கைவந்தார்க்கும் அதன் விளைவு கைவருவதில்லை என்பது இதனால் அறியப்படும்.

இக்காலத்தார் இதனை வேறொரு வகையானும் உணர்தல் கூடும். முற்காலத்தார் மந்திரத்தால் வேண்டிய பலவும் இன்று பொறிகளால் எய்தியுள்ளன. 1903 ஆம் ஆண்டில் ரைட் உடன்பிறந்தார் பொறியேறி வானிற் பறந்தனர். 1969 ஆம் ஆண்டில் மக்கள் திங்களில் அடி வைத்தனர். தொலைவிலுள்ளாரைக் காண்டலும் அவர் குரல் கேட்டலும் இன்று எளியோர்க்கும் இயல்வனவாயின. ஆகாய கமனமும் தூரதிருட்டியும் துயரைத் தீர்ப்பனவாயின், இந்நாளில் உலகிற் றுயர் பெரிதும் ஒழிந்திருத்தல் வேண்டும். வானிற் பறப்போனும் தன் அச்சத்தையும் அவாவையும் உடன்கொண்டே பறக்கின்றான். சித்துக்கள் பலவற்றை அடுக்கிக் கூறிய தாயுமான அடிகள், மனத்தை அடக்கியிருத்தலே அவையெல்லாவற்றினும் அரிதென்று முடித்ததும் இக்கருத்துப் பற்றியே என்க.

இதன் காரணத்தைச் சித்தாந்த நூல்கள் தெளிவுற விளக்கும். உடலும் கருவிகளும் உலகும் மாயையின் காரியங்கள். சித்தி என்பது அக்கருவிகளின் எல்லை விரிதலேயாம். உயிரின் துன்பத்திற்கு வேர் கருவிகளின் குறுமையன்று. யான் எனது என்னும் செருக்காய் அறிவை மறைத்து நிற்கும் ஆணவமே. விளக்கின் திரியைப் பெரிதாக்கலாம். பிறவிக் குருடனுக்கு அதனால் வரும் பயன் யாது? செருக்கு நீங்காதவனுக்கு ஆற்றல் மிகுந்தால், செருக்கு உலாவும் வெளியே மிகும்.

அற்றேல், சமயாசாரியர் வாழ்விற் காணப்படும் அற்புதங்கள் யாவை? அவையும் மந்திர ஆற்றல் அல்லவோ எனின், அல்ல. மந்திரவாதியின் சொல் பொருளை ஏவுவது. அடியாரின் சொல் இறைவனிடத்து விண்ணப்பிப்பது. இவ்வேறுபாட்டைத் திருமறைக்காட்டிற் காணலாம். அங்கே அடைபட்டிருந்த கதவம் திறக்குமாறு திருநாவுக்கரசர் பதிகம் பாடினார். கதவம் உடனே திறந்திலது. திருக்கடைக்காப்பில் இரங்கி வேண்டியபின்னரே திறந்தது. அது மூடுமாறு திருஞானசம்பந்தர் பாட, முதற் பாட்டிலேயே மூடிற்று. கற்ற வித்தையாயின் இருவர்க்கும் ஒருபடித்தாக அன்றோ பலித்தல் வேண்டும்? தமக்கு அருள் தாழ்த்தமை கருதி அரசர் அன்றிரவு உள்ளம் வருந்தினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். வித்தை வல்லான் தன் வித்தை பிழைத்ததற்கு நாணுவான். அரசரோ இறைவன் திருவுள்ளம் யாதோ என்று அஞ்சினார்.

வித்தையே கைவந்த ஒருவர் வரலாறும் நோக்கத்தக்கது. பொதியிற்குச் செல்லும் சிவயோகியார் ஒருவர் சாத்தனூரில் மூலன் என்னும் ஆயன் இறந்து கிடப்பதையும், பசுக்கள் அவனுடலைச் சூழ்ந்து கதறுவதையும் கண்டார். பரகாயப் பிரவேசம் வல்ல அவர், அப்பசுக்களின் துயர் தீர்த்தற்கே அவ்வுடலிற் புகுந்தார். தம் பழைய உடலுக்குத் திரும்பக் கருதியபோது, இறைவன் அதனை மறைத்தருளினான். இழந்ததற்கு அவர் வருந்தவில்லை. தமக்கு நேர்ந்தது ஆகமப் பொருளைத் தமிழில் வகுத்தற்கு இறைவன் கொண்ட திருவுள்ளம் என்று தெளிந்து, திருவாவடுதுறையில் அமர்ந்து திருமந்திரம் அருளினார். அவ்வித்தை ஆனிரைக்கு ஒருநாட்டுயர் தீர்த்தது. வித்தையாளர் தம்மை இறைவனிடத்து விட்டமை தமிழுலகிற்கு என்றும் அழியாத நூலைத் தந்தது.

இத்துணையும் கூறிய வழியும், மகவை இழந்த தாயின் வினா எஞ்சி நிற்கின்றது. அவள்முன் சித்தியை இகழ்ந்துரைத்தல் அருளுடைமை ஆகாது. அவளுக்கு உரிய விடை திங்களூரில் உள்ளது. அப்பூதியடிகள் இல்லத்தில், அரசர்க்கு அமுது படைத்தற்கு வாழைக்குருத்து அரியச் சென்ற மூத்த மகன் பாம்பு தீண்டி இறந்தான். பெற்றோர் உடலை மறைத்து வைத்து, அடியார் அமுது செய்தற்கு இடையூறு வாராது காத்தனர். மகனுயிரை மீட்டுத் தருக என்று அவர் வேண்டினாரிலர். உண்மை உணர்ந்த அரசர் தாமே இரங்கிப் பதிகம் பாட, மைந்தன் எழுந்தான். அப்பொழுதும் அவர், அமுது செய்யத் தாழ்த்ததே என்று சிந்தை நொந்தனர். அவர் நெஞ்சு கல்லன்று; மகன்மேல் அன்பில்லாதவர் தாம் கண்ணாற் காணாத ஓர் அடியாரின் திருப்பெயரை அம்மகனுக்கு இடுதல் யாங்ஙனம்? தம்முடையது என்று ஒன்றனையும் பற்றாது அன்பு செய்யும் ஆற்றலை அவர் முன்னரே கற்றிருந்தனர். உயிர் மீட்கும் சொல் ஒருகால் பலிக்கும், ஒருகால் பலியாது. மீண்டெழுந்த உடலும் பின்னொருநாள் வீழ்வதே. வீழும்போதும் துணைநிற்கும் சொல் ஒன்று உண்டாயின், முதற்கண் கற்கத்தகுவது அதுவே.

அச்சொல் யாதென்று காட்டியவர் ஆளுடைய பிள்ளையார். சீகாழியில் அவர்க்கு உபநயனம் நிகழ்ந்த காலத்தில் மறையோர் மந்திரங்களை ஓதுவிக்க வந்தனர். மந்திரங்களுக்கெல்லாம் முதலாவது திருவைந்தெழுத்தே என்று அவர்க்குத் தெளிவித்துப் பிள்ளையார் பஞ்சாக்கரத் திருப்பதிகம் அருளினார். பின்னர் நல்லூர்ப்பெருமணத்தில் மணக்கோலத்தோடு உடன்வந்தார் அனைவரையும் சோதியுட் புகுவித்த காலத்தும் நமச்சிவாயத் திருப்பதிகமே அருளினார். தொடக்கத்திற் கற்பித்ததும் முடிவிற் றுணைநின்றதும் ஒரே மந்திரம் என்பது கருதற்பாலது. கல்லோடு கட்டிக் கடலில் இடப்பட்ட நாவரசர்க்குத் துணையானதும் அவ்வைந்தெழுத்தே.

மந்திரம் என்னும் சொல்லுக்கு நினைப்பவரைக் காப்பது என்பது பொருள். ஐந்தெழுத்துள் சிகரம் சிவத்தையும், வகரம் திருவருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலையும், மகரம் மலத்தையும் குறிக்கும். நகர மகரங்களை முன்வைத்து ஓதுதல் போகம் வேண்டி நிற்பார் நெறி. சிகரத்தை முன்வைத்து ஓதுதல் வீடு வேண்டி நிற்பார் நெறி. உமாபதிசிவனார் திருவருட்பயனில் ஐந்தெழுத்தருணிலை என ஓர் அதிகாரமே வகுத்து இதனை விளக்கினார். இதனால் ஓர் அரிய எச்சரிக்கையும் பெறப்படும். பொன்னையும் ஆட்சியையும் கருதி ஓதுவானுக்கு இத்திருமந்திரமும் எண்வகைக் கருமங்களுள் ஒன்றுபோலவே ஆகிவிடும். எழுத்தினும் ஓதுவான் நோக்கும் திசையே பயனை வேறுபடுத்துகின்றது.

யகரமாகிய உயிர் நடுவே நிற்கின்றது. ஒருபுறம் மறைப்பும் மலமும். மற்றொருபுறம் அருளும் சிவமும். உலகத்து மந்திரமெல்லாம் உயிரை அங்கேயே நிறுத்தி அதன் கையை மட்டும் நீட்டுவன. திருவைந்தெழுத்தோ உயிரின் முகத்தைத் திருப்புவது. மந்திரம் கற்க விழைவான் ஒருவன் முதற்கண் கற்கவேண்டுவது இதுவே. இதனை உள்ளவாறு கற்றபின், இரண்டாவதாக எதனைக் கற்பது என்னும் வினா அவனுக்கு எழாது.

திருச்சிற்றம்பலம்.