ஆத்தூர் ரோட்டில் மான்கள்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் போகும் ரோட்டில் எசனை தாண்டியதும் இடது பக்கம் பச்சைமலை கூடவே வரத் தொடங்கும். மலைக்கும் ரோட்டுக்கும் நடுவே மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பெரும்பாலும் வானம் பார்த்த வெள்ளாமை. வெள்ளாமை முடிகிற இடத்தில் வேலமரமும் உடைமரமும் தள்ளித் தள்ளி நிற்கும். அடியில் முழங்கால் உயரத்துக்குப் புல்.

இதைப் புதர்க்காடு, தரிசு என்று சொல்லிப் பழகிவிட்டோம். மரம் அடர்ந்தால்தான் காடு என்ற எண்ணம் பிரிட்டிஷ் வனத்துறை காலத்திலிருந்தே நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அந்த எண்ணத்தில்தான் தமிழகத்தின் பல புதர்க்காடுகளில் தைலமரம் நட்டார்கள். பெங்களூரில் ஆய்வு செய்யும் ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் போன்றவர்கள், இந்தியாவின் வறண்ட நிலக் காடுகளில் பெரும்பகுதி உண்மையில் சவானா என்கிறார்கள். புல்லும் மரமும் இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டு வாழும் நிலம் அது. ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டியும் அந்த வகைதான்.

அதே ரோட்டில் இன்னும் போய் அன்னமங்கலம் பிரிவில் மேற்கே திரும்பினால் விசுவக்குடி அணை. பச்சைமலையிலிருந்து இறங்கும் கல்லாற்றை மறித்துக் கட்டியது. நேரே போனால் வேப்பந்தட்டை. பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர், அதற்கேற்ற மண்.

இந்த வட்டாரத்து வெண்பாவூர், பாண்டகபாடி, ரஞ்சன்குடி காப்புக்காடுகளில் புள்ளிமான்கள் இருக்கின்றன, மயில்கள் இருக்கின்றன. இங்கே சஃபாரி போக நுழைவுச்சீட்டு வேண்டாம், ஜீப் வேண்டாம். விடியலில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், அதிர்ஷ்டம் இருந்தால் கொல்லை ஓரம் ஒரு மான் கூட்டம் தலை தூக்கிப் பார்க்கும். ஆனால் கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றிவிடும். செரெங்கெட்டியில் லட்சக்கணக்கான வில்டிபீஸ்ட்கள் மழையைத் தேடி நடக்க அங்கே நிலம் இருக்கிறது. இங்கே தண்ணீர் தேடிப் புறப்படும் மானுக்கு முன்னால் இருப்பது ரோடு, நாய்கள், சுற்றுச்சுவர் இல்லாத கிணறு. மூன்றிலும் மான்கள் சாகின்றன. பயிரை மேய்ந்துவிடுகிறதே என்ற விவசாயியின் வருத்தமும் உண்மையானது. தண்ணீர் காட்டுக்குள்ளேயே கிடைத்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

செரெங்கெட்டி இருக்கும் தான்சானியாவிலேயே மிக்குமி தேசியப் பூங்கா என்று ஒன்று உண்டு. தார் எஸ் சலாமிலிருந்து ஜாம்பியா போகும் நெடுஞ்சாலை அதன் நடுவே சுமார் 50 கிலோமீட்டர் ஓடுகிறது. லாரியில் போகிறவனும் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் பார்க்கலாம். அங்கே வேகத்தடை போட்டிருக்கிறார்கள். எந்த விலங்கை அடித்தால் எவ்வளவு அபராதம் என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். செரெங்கெட்டியின் வடபகுதி வழியே தார்ச்சாலை போடும் திட்டத்தை 2014-ல் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றமே தடுத்தது. அங்கே ரோடும் காட்டின் கணக்கில் சேர்கிறது. இங்கே சேரவில்லை என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

நாம் செய்ய வேண்டியது பெரிய செலவல்ல. காப்புக்காட்டை ஒட்டிய ரோடுகளில் வேகத்தடை, கைவிட்ட கிணறுகளுக்குச் சுற்றுச்சுவர், மாசியிலிருந்தே காட்டுக்குள் தொட்டிகளில் தண்ணீர். தைலமரம் நட நினைக்கும் இடத்தில் புல்லை விட்டுவைத்தால் இன்னும் நல்லது.

கிருஷ்ணாபுரம், உடும்பியம் தாண்டி ரோடு சேலம் மாவட்டத்துக்குள் நுழைகிறது. ஆத்தூரில் முடிகிறது. அந்த வழியாக இரவில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேப்பந்தட்டை எல்லைக்குள் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து கொஞ்சம் எடுங்கள். ஒரு மான் ரோட்டைக் கடந்தால் வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். பின்னாலேயே இன்னும் நாலைந்து வரும்.