சென்னையிலிருந்து தில்லிக்குத் தனியாக ஒரு வேலைப் பயணம்

வேலை நிமித்தம் சென்னையிலிருந்து தில்லிக்குத் தனியே போகிறவர்களுக்கு, நேரம் இருந்தால், ரயில்தான் நல்லது. தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு சென்ட்ரலில் புறப்பட்டு மூன்றாம் நாள் காலை புது தில்லி சேரும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. 2024 அக்டோபர் வரை அது 120 நாளாக இருந்தது.

தனியாகப் போகிறவருக்குச் சாமான்களைப் பார்த்துக்கொள்ளத் துணை இல்லை. மடிக்கணினி தலைமாட்டில் இருக்கட்டும். பெரிய பெட்டியைக் கீழ்ப்படுக்கைக்கு அடியிலுள்ள வளையத்தில் சங்கிலி போட்டுப் பூட்டலாம். விஜயவாடாவைத் தாண்டி, பல்லார்ஷா பக்கத்துக் காடுகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். தேவையான கோப்புகளை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் பகல் முழுவதும் எழுதலாம், படிக்கலாம். இத்தனை நீளமான, குறுக்கீடில்லாத நேரம் எந்த அலுவலகத்திலும் வாய்ப்பதில்லை.

டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். அப்போது இறங்கும் நாளிலேயே சந்திப்பு வைக்கக் கூடாது. தங்குவதற்குக் கரோல் பாக் வசதி: மெட்ரோவின் நீல வழித்தடத்தில் நகர மையமான ராஜீவ் சவுக் சில நிலையங்கள் தள்ளித்தான். தனியே வரும் பெண்களுக்கு மெட்ரோவில் தனிப் பெட்டி உண்டு.