மெம்பிஸ் நகரத்து மேன்மாடம்

அமெரிக்க நாட்டின் மெம்பிஸ் நகரிலே, மல்பெரி வீதியில், லொறெய்ன் என்னும் பழைய விடுதியொன்று உண்டு. இரண்டு தட்டுக்களே கொண்ட எளிய கட்டடம் அது. மேற்றட்டிலே 306ஆம் இலக்க அறையின் முன்னே, மேன்மாடத்துக் கம்பியில் வெள்ளையும் சிவப்புமான மலர்வளையம் ஒன்று தொங்குகின்றது. 1968ஆம் ஆண்டு ஏப்பிரல் 4ஆம் திகதி மாலை ஆறு மணி கடந்த சில கணங்களில், மாட்டின் லூதர் கிங் குண்டடிபட்டு வீழ்ந்த இடம் அதுவே.

குப்பை வண்டியின் பொறியில் அகப்பட்டு இரு தொழிலாளர் மாண்டனர். அதனை அடுத்துத் துப்புரவுத் தொழிலாளர் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தாமும் மனிதரே என்று எழுதிய அட்டைகளை ஏந்தி நடந்த அந்த ஏழைகளுக்குத் துணை நிற்கவே கிங் அங்கு வந்திருந்தார். 1991ஆம் ஆண்டிலே அவ்விடுதி குடியுரிமைப் போராட்ட நூதனசாலையாகத் திறக்கப்பட்டது.

அம்மேன்மாடத்தைக் கீழிருந்து நோக்கியபோது, அயர்லாந்து தேசத்து றொக் பாட்டொன்று என் நினைவில் எழுந்தது. 'யூ-டூ' என்னும் குழுவினர் இயற்றியது அது. அதன் இசை 1983ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில், கச்சேரிக்கு முந்திய ஒத்திகையிலே பிறந்தது. ஜனாதிபதி றேகனின் செருக்கைச் சாடுவதே பாடகர் பொனோவின் முதலெண்ணம். பின்னர் ஸ்டீபன் ஓட்ஸ் எழுதிய கிங்கின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். சாடுவதினும் போற்றுவதே தக்கதெனக் கண்டார். 1984ஆம் ஆண்டில் பொயின் நதிக்கரையிலுள்ள ஸ்லேன் மாளிகையில் தங்கிக் குழுவினர் ஒலிப்பதிவைத் தொடங்கினர். டப்ளின் நகரத்துக் கூடமொன்றிலே நிறைவு செய்தனர். அவ்வாண்டு செப்டெம்பரிலே பாட்டு வெளிவந்தது.

ஆயின் அப்பாட்டிலே ஒரு பிழை உண்டு. கிங் சுடப்பட்ட வேளை அதிகாலை என்று அது கூறுகின்றது. பாட்டை நம்பிய யானும் பல்லாண்டு காலம் வகுப்பிலே அவ்வாறே சொல்லி வந்தேன். நூதனசாலையிலே நேரத்தைக் கண்டபோது என் முகம் சுருங்கிற்று. பொனோவோ தம் பிழையை ஒப்புக்கொண்டு, பிற்காலத்து மேடைகளிலே மாலை என்றே திருத்திப் பாடியிருக்கின்றார். உலகமறிந்த பாடகருக்கு இல்லாத கூச்சம் ஓர் ஆசிரியனுக்கு எதற்கு?

ஊர் திரும்பிய பின் முதல் வகுப்பிலேயே, "நான் உங்களுக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன், அது மாலை வேளை" என்றேன். பிள்ளைகள் சிரிக்கவில்லை. கொப்பிகளைத் திறந்து திருத்திக் கொண்டார்கள்.