சீல் பிரிக்காத பெட்டி

2025 செப்டம்பர் 19, ஐபோன் 17 விற்பனைக்கு வந்த நாள். பெங்களூரு ஹெப்பாள் ஆப்பிள் கடை திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விடியற்காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். 17 ப்ரோ, ஆரஞ்சு நிறம், 1,34,900 ரூபாய். அதில் பாதி அம்மா சீட்டு கட்டிச் சேர்த்த பணம். கூடப் பத்தாயிரம் வைத்து விற்றுவிடலாம் என்று நம்பினேன்.

எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்காரர் சீலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "பில் உங்க பேர்ல இருக்கே தம்பி, ஐயாயிரம் குறைச்சுதான் எடுப்பேன்." சரக்கு கிடைக்காத நாலு நாளைக்குத்தான் கூடுதல் விலை, அப்புறம் எல்லாரும் தங்கள் பேரிலேயே பில் போட்டு வாங்கிக்கொள்வார்கள் என்று பொறுமையாக விளக்கினார். நல்ல மனிதர். நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து எட்டாயிரம் நஷ்டத்தில் அவரிடமே கொடுத்தேன்.

அம்மாவுக்கு மாதம் இரண்டாயிரமாக அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.