அந்தக் கதிரையில் யார் இருந்தாலும்

"உவள் இன்னும் படிக்கப் போறாளாம் பிள்ளை. இருபத்தெட்டு வயசாச்சு. பொம்பிளைப் பிள்ளைக்குத் தொழிற்சாலைப் படிப்பு என்னத்துக்கு? நீ சொன்னால் கேப்பாள்" என்று சித்தி தொலைபேசியில் அழுதா.

சித்தியின் மகள் பேராதனையில் உற்பத்திப் பொறியியல் படித்துப் பட்டம் பெற்றவள். வன்னியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே, உற்பத்தி முறைமைப் பொறியியலில் பட்டப்பின் படிப்புக்குப் பதிந்திருந்தாள். சனி, ஞாயிறு கொழும்புப் பக்கத்தில் வகுப்பு. வெள்ளி இரவு பஸ் ஏறினால் திங்கள் விடியத்தான் திரும்புவாள், அப்படியே வேலைக்குப் போவாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தப் படிப்பில் நல்லெண்ணம் இருக்கவில்லை. என் காரணம் வேறு. சமூகவியல் படித்த காலத்தில் பிரெடெரிக் டெய்லர் என்ற அமெரிக்கரைப் பற்றி விரிவுரைகளில் கேட்டிருக்கிறேன். விஞ்ஞான முகாமைத்துவம் பற்றி 1911இல் புத்தகம் எழுதியவர். தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் மணிக்கூடு வைத்து அளந்து, அதிலிருந்து கூடுதல் வேலை வாங்குகிற வழியாகவே அதை நாங்கள் விளங்கிக்கொண்டோம். "நீயும் மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு பொம்பிளையளுக்குப் பின்னால நிக்கப் போறியோ?" என்று அவளிடம் கேட்டேன்.

"அக்கா, மணிக்கூடு ஆரின்ர கையில இருக்குது எண்டதுதான் கதை" என்றாள். பிறகு லில்லியன் கில்பிரத் பற்றிச் சொன்னாள். 1878இல் பிறந்த அமெரிக்கப் பெண். கணவரோடு சேர்ந்து வேலையின்போது கை, கால், கண் எப்படி அசைகின்றன என்று ஆராய்ந்தவர். முதலாம் உலகப் போரில் அங்கவீனமான படைவீரர்கள் எப்படி மீண்டும் தொழில் செய்யலாம் என்று இருவரும் 1920இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். வேலை செய்பவரை வேலைக்கு ஏற்ப வளைக்காமல் வேலையை அவருக்கு ஏற்ப மாற்று என்பதுதான் அதன் சாரம். 1924இல் கணவர் இறந்தார். பதினொரு பிள்ளைகளோடு தனித்து நின்ற அந்த விதவை, 1935இல் ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இவரைப் பற்றி எங்கள் விரிவுரைகளில் ஒருவரும் சொல்லவில்லை.

அவளுடைய ஒப்படை ஒன்றுக்குச் சிறிய உற்பத்தி நிலையம் ஒன்று தேவைப்பட்டது. நான் பொறுப்பாயிருந்த தையல் நிலையத்துக்கு வரச் சொன்னேன்.

அங்கே பன்னிரண்டு பெண்கள். பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சேட்டுத்தான் தைப்பார்கள். ஒரு நாளைக்கு 60 சேட்டுக்கு ஓடர் இருந்தது, 45ஐத் தாண்டுவதே கஷ்டம். பட்டன் ஓட்டை தைக்கிற மெசினுக்கு முன்னால் எப்போதும் குவியல் கிடக்கும். அந்த மெசினில் இருந்த அக்காவுக்கு 2009இல் ஷெல் துண்டு பட்டு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. சேட்டுக் கணக்கில் கூலி என்பதால், அவவால்தான் எங்களுக்கும் நட்டம் என்று மற்றவர்கள் முறையிட்டார்கள். "கை இயலாமையால் வேகம் குறைவு, வேறு வேலைக்கு மாற்றலாம்" என்று நான்தான் அறிக்கை எழுதினேன். அவவை நூல் வெட்ட விட்டார்கள். அதற்குக் கூலி குறைவு.

அவவின் இடத்தில் வேறொருத்தி இருந்தாள். குவியல் குறையவில்லை. "புதுசுதானே, பழகிவிடும்" என்றோம். நாலு மாதம் அப்படியே போனது.

தங்கச்சி இரண்டு நாள் வந்து நின்றாள். முதல் வேலையாக எல்லோரையும் கூப்பிட்டு, "நான் உங்களை அளக்க வரேல்லை, வேலையை அளக்க வந்தனான்" என்றாள். பிறகு கணக்குக் காட்டினாள். வேலை நேரம் 420 நிமிடம். அதற்குள் 60 சேட்டு என்றால் 7 நிமிடத்துக்கு ஒன்று முடிய வேண்டும். எந்த ஒரு படியாவது 7 நிமிடத்தைத் தாண்டினால் முழு வரிசையும் அங்கேயே தேங்கும். குளத்து வாய்க்கால் எவ்வளவு அகலமாயிருந்தாலும், ஒடுங்கிய இடத்தால் போகிற தண்ணிதான் வயலுக்குப் போய்ச் சேரும் அல்லவா?

கை வெட்டிப் பொருத்துவது 4 நிமிடம். பட்டன் ஓட்டை 9 நிமிடம். மூன்று பெண்களை மாறி மாறி அந்த மெசினில் இருத்தி அளந்தாள். மூவருக்கும் ஏறக்குறைய 9. பிறகு நூல் வெட்டிக்கொண்டிருந்த அக்காவை இருத்தினாள். அவவுக்கும் 9தான். அந்தக் கதிரையில் யார் இருந்தாலும் நாளுக்கு 46 சேட்டுக்கு மேல் போகாது.

அந்த 9இல் 3 நிமிடம், ஓட்டை வரவேண்டிய ஏழு இடத்தையும் அளந்து அடையாளம் போடுவதற்குப் போனது. மட்டையில் ஓர் அச்சு வெட்டி, அந்த வேலையைக் கை பொருத்துபவரிடம் கொடுத்தாள். அவருக்கு 7 நிமிடம், மெசினில் 6 நிமிடம். புது மெசினும் வாங்கவில்லை, ஒருவரையும் விரட்டவுமில்லை. இரண்டாவது கிழமை 57, 58 சேட்டு முடிந்தது.

இப்படிக் காரணத்தைத் தேடுவதற்குத்தான் அந்தப் படிப்பில் புள்ளிவிபரம், தரக் கட்டுப்பாடு, கணினியில் ஒரு தொழிற்சாலையையே ஓடவிட்டுப் பார்ப்பது எல்லாம் படிப்பிக்கிறார்கள். மெசினைப் பற்றிய படிப்பு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வேலை எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்பதே அதில் பெரும்பகுதி. ஐந்து வருடம் களத்தில் வேலை செய்த நான், குவியலைப் பார்த்தேன், பக்கத்தில் மடங்காத விரலைப் பார்த்தேன், இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

சித்திக்கு இந்தக் கதையைச் சொன்னேன். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸுக்கு இடியப்பப் பார்சல் கட்டிக் கொடுக்கிறா.

அந்த அக்காவிடம் நானே போய் விஷயத்தைச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். மெசினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"அப்ப அந்த நாலு மாசக் காசு, மிஸ்?"

என்னிடம் பதிலில்லை. கூலி வித்தியாசத்தைக் கணக்கிட்டு, தங்கச்சியின் அட்டவணையையும் என் பழைய அறிக்கையையும் இணைத்து அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. இந்த மாதம் இரண்டாவது கடிதம் போட்டிருக்கிறேன்.