நாலாய்ப் பிரிந்த அறுபது

எங்கட வாசிப்பு வட்டத்தில் ஏ.எல்லுக்குப் பௌதிகவியல் படித்தவர் ஒருவரும் இல்லை. தமிழ், வரலாறு, புவியியல், மெய்யியல், அவ்வளவுதான். இருந்தும் இரண்டு மாதமாக நாங்கள் நாலு பேரும் எக்ஸ் கதிர் உணரிகளைப் பற்றித்தான் வாசிக்கிறோம். காரணம் எங்களில் ஒருத்தியின் அம்மா. அவவுக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் சி.ரி. ஸ்கான் எடுக்கவேணும். "உடம்புக்குள்ளால வாற கதிர் எல்லாம் படத்தில விழுதோ பிள்ளை, இல்லாட்டி வீணாப் போகுதோ?" என்று கேட்டிருக்கிறா. டொக்டரிட்டக் கேக்கக் கூச்சம். மகளிட்டக் கேட்டா, மகள் எங்களிட்டக் கேட்டாள்.

கேள்வி சரியான கேள்வி. உடம்பைத் தாண்டி வந்தபிறகு ஒரு போட்டன் தொலைந்தால், அதை அனுப்புவதற்காக உடம்பு வாங்கிய கதிர்வீச்சுக்குப் பலன் இல்லை.

வழமையான ஸ்கானரில் எக்ஸ் கதிர் முதலில் ஓர் ஒளிர்பொருளில் பட்டு ஒளியாக மாறும். அந்த ஒளிதான் பிறகு மின்னாகும். கலத்துக்குக் கலம் ஒளி கசியாமலிருக்க நடுவில் மெல்லிய சுவர் வைப்பார்கள். சுவரில் விழுந்த கதிர் போனதுதான். புதிய முறையில் சுவர் இல்லை. கட்மியம் தெலூரைட் போன்ற குறைகடத்திப் பளிங்கில் போட்டன் பட்டதும் நேரடியாக இலத்திரன்களும் துளைகளும் பிறக்கும். ஒரு சோடிக்கு ஏறத்தாழ 4.4 இலத்திரன் வோல்ற்று வேணும். ஆகவே 60 கிலோ இலத்திரன் வோல்ற்றுப் போட்டன் ஒன்று கிட்டத்தட்ட 13,500 சோடிகளைத் தரும். அந்த ஏற்றத்தைக் கீழேயுள்ள பிக்சல் சேர்த்து, போட்டனை ஒவ்வொன்றாக எண்ணி, அதன் சக்தியையும் சொல்லும். சக்தி தெரிந்தால் அயடினையும் கல்சியத்தையும் பிரித்து நிறம் தீட்டலாம். சேர்ன் ஆய்வுகூடத்தில் வளர்ந்த மெடிபிக்ஸ் 3 சிப்பைக் கொண்டு 2018இல் நியூசிலாந்தின் பில் பட்லர் தன் மணிக்கட்டை இப்படித்தான் முப்பரிமாணத்தில், நிறத்தில் படமெடுக்கக் கொடுத்தார். கையில் மணிக்கூடும் இருந்தது. அந்தப் படத்தை நாங்கள் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுவர் போனாலும் எல்லை போகவில்லை. பிறந்த ஏற்றம் ஒரு புள்ளியாகக் கீழே இறங்குவதில்லை, சின்ன முகில் மாதிரிப் பரவிக்கொண்டு இறங்கும். கடதாசியில் பெட்டி கீறிக் கணக்குப் பார்த்தோம். இரைச்சலை எண்ணாமலிருக்க "20க்குக் கீழே வந்தால் விட்டுவிடு" என்று ஒரு கீழெல்லை வைப்போம். 60 போட்டன் பெட்டியின் நடுவில் விழுந்தால் 60 என்று ஒருதரம் எண்ணப்படும். இரண்டு பெட்டிக்கு நடுவிலுள்ள கோட்டில் விழுந்தால் 30, 30. ஒரு போட்டன் இரண்டாகிவிட்டது, சக்தியும் பிழை, நிறமும் பிழை. நாலு பெட்டி சந்திக்கிற மூலையில் விழுந்தால் ஆளுக்கு 15. ஒருவரும் எண்ணமாட்டார்கள். வந்த போட்டன் வராததாகிவிடும்! புவியியல்காரிக்கு இது புதினமே இல்லை. பிரதேச எல்லையில் இருக்கிற கிராமங்களைப் பற்றி அவள் அரை மணித்தியாலம் கதைத்தாள். அதை இன்னொரு கட்டுரைக்கு விடுகிறோம்.

வேறு இழப்புகளும் உண்டு. துளைகள் மெதுவாகப் போகிறவை, இலத்திரனின் வேகத்தில் பத்திலொரு பங்கு அளவுதான். வழியில் பளிங்கின் குறைபாடுகளில் அகப்பட்டால் அந்த ஏற்றம் நேரத்துக்கு வந்துசேராது. அதோடு அடிபட்ட கட்மியம் அணு சிலவேளை 23 கிலோ இலத்திரன் வோல்ற்று அளவில் தானே ஒரு புது எக்ஸ் கதிரை விடும். அது 0.1 மில்லிமீற்றர் அளவு தள்ளிப்போய் விழும். மெடிபிக்ஸ் பிக்சலின் அகலம் 55 மைக்ரோமீற்றர்தான் என்பதால், பக்கத்து வீட்டையும் தாண்டி அதற்கடுத்த வீட்டில் போய் விழுகிற மாதிரி.

எங்களை அதிகம் வாதாட வைத்தது பிக்சலின் பருமன். பிக்சலைச் சின்னனாக்கினால் இலத்திரன்களின் சமிக்ஞையே முக்கியமாகும், துளைகள் பிந்தினாலும் பெரிய பாதிப்பில்லை. படமும் கூர்மையாகும். ஆனால் எல்லைகள் பெருகி, பகிர்ந்துபோகிற போட்டன்களும் பெருகும். ஓர் இழப்பைக் குறைக்கிற அதே வேலைதான் மற்ற இழப்பைக் கூட்டுகிறது.

மெடிபிக்ஸ் 3 இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அயலிலுள்ள நாலு பிக்சல்கள் தங்களுக்குள் கதைத்து, சிதறிய ஏற்றத்தைக் கூட்டி, கூடுதலாகப் பெற்ற பிக்சலின் பேரில் எழுதும். நாலு 15உம் திரும்ப 60 ஆகிவிடும். வாசித்தபோது எங்களுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கதைக்க நேரம் வேணும். சி.ரி. ஸ்கானரில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குச் செக்கனுக்குப் பல கோடி போட்டன்கள் வந்து விழும். ஒன்றின் கணக்கு முடியமுதல் அடுத்தது வந்தால் இரண்டும் ஒன்றாகக் குழம்பும்.

2021 செப்டெம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சீமென்ஸின் நேயோட்டொம் அல்பா ஸ்கானரில் பிக்சலின் அகலம் கால் மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. மெடிபிக்ஸோடு ஒப்பிட்டால் ஐந்து மடங்கு. வழமையான ஸ்கானரைவிடக் கூர்மை, ஆனால் 55 மைக்ரோமீற்றர் தரக்கூடிய கூர்மை இல்லை. எங்களில் மூன்று பேர் இந்தப் பேரம் சரி என்கிறோம். அம்மாவின் மகள் மட்டும் இன்னும் கடதாசியில் பெட்டி கீறிக்கொண்டிருக்கிறாள்.